எந்த ஆண்டின் ரயில்வே தரம்?

பழைய பாக்கெட் கடிகாரம் சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு காட்சியைக் கட்டாயம் பார்க்கலாம். ஒருவர் கையில் கனமான அமெரிக்கக் கடிகாரம் இருக்கும். பின்மூடியைத் திருகிக் கழற்றுவார். உள்ளே நிக்கல் தகட்டின் மேல் அலையலையாகச் செதுக்கிய கோலம், தங்க வளையங்களில் பதித்த சிவப்புக் கற்கள், இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும் சக்கரம். எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். பிறகு யாராவது கேட்பார்: "இது ரயில்வே கிரேடா?"

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வந்துவிடும் என்று கேட்பவர் நினைக்கிறார். விலை அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. ஆனால் அதற்கு நேர்மையான பதில் இன்னொரு கேள்விதான்: எந்த ஆண்டின் ரயில்வே? எந்தப் பாதையின் ரயில்வே?

இல்லினாய் மாநிலத்து எல்ஜின் நகரில் 1867-இல் ஒரு கடிகாரம் வெளிவந்தது. 1864-இல் சிகாகோவில் தொடங்கப்பட்டு, பின்னாளில் 'எல்ஜின்' என்றே பெயர் நிலைத்துவிட்ட நிறுவனத்தின் முதல் கடிகாரம் அது. சிகாகோவின் முன்னாள் மேயரும் நிறுவனத்தின் முதல் தலைவருமான பெஞ்சமின் ரேமண்டின் பெயரை அதற்கு வைத்தார்கள்: 'பி. டபிள்யூ. ரேமண்ட்'. 15 கற்கள். தனிச் சாவி போட்டு முறுக்க வேண்டும். விலை 115 டாலர். அந்தக் காலத்தில் அது ஒரு தொழிலாளியின் பல வாரச் சம்பளம். இன்றைய நூல்கள் பலவும் அதை 'ரயில்வே தரக் கடிகாரம்' என்று தயங்காமல் சொல்கின்றன. 1867-இல் அப்படி ஒரு தரத்தை யாரும் வகுத்திருக்கவில்லை. ரயில்வேக்காரர்கள் வாங்கத் தக்க நல்ல கடிகாரம் என்பதுதான் அன்று அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள்.

அதே பெயர் எண்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. சாவி போய்த் தலையில் திருகு வந்தது. 15 கற்கள் 17 ஆயின, 19 ஆயின, 21 ஆயின. உடல் சிறுத்தது. 1950-களில் விற்ற ரேமண்டுக்கும் 1867-இன் ரேமண்டுக்கும் பொதுவாக எஞ்சியது பெயர் மட்டுமே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உயர்ந்தது என்று கேட்டால், இரண்டில் ஒன்றுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். மாசசூசெட்ஸின் வால்தம் நிறுவனம் தன் ஆலை இருந்த தெருவின் பெயரையே வைத்த 'கிரெசென்ட் ஸ்ட்ரீட்' கதையும் இதுதான். 1870-இல் 15 கல், சாவிக் கடிகாரம். இருபதாம் நூற்றாண்டில் அதே பெயரில் 21 கல்.

ரயில்வேக்கு இவ்வளவு துல்லியமான கடிகாரம் எதற்கு? தண்டவாளத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரும்பாலான பாதைகள் ஒற்றைத் தடங்கள். கிழக்கே போகும் வண்டியும் மேற்கே போகும் வண்டியும் ஒரே இரும்பின் மேல் ஓடின. வழியெல்லாம் கைகாட்டி கிடையாது. இன்ன நிலையத்தில் இன்ன நேரத்தில் பக்கத் தடத்துக்கு ஒதுங்கி எதிர்வண்டிக்கு வழிவிடு என்பது கால அட்டவணையும் தந்தியில் வரும் உத்தரவும் சொல்லும் விதி. ஓட்டுநரின் சட்டைப் பையில் இருந்த கடிகாரமே அவருக்குக் கைகாட்டி.

நேரமே அப்போது ஒன்றாக இல்லை. 1883 நவம்பர் 18 அன்று ரயில்வே நிறுவனங்கள் சேர்ந்து மண்டல நேரத்தை ஏற்கும்வரை ஏறத்தாழ ஐம்பது 'ரயில்வே நேரங்கள்' அந்த நாட்டில் நடப்பில் இருந்தன. (நம் பக்கத்தில் இந்தச் சிக்கல் முன்னதாகவே ஓரளவு தீர்ந்திருந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்த மதராஸ் நேரத்தை இந்திய ரயில் பாதைகள் எடுத்துக்கொண்டன. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கணிப்பு தந்தி வழியே நாடெங்கும் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வடக்கே ஓடிய வண்டிகளும் மதராஸ் நேரத்தைப் பார்த்தே ஓடின.)

1891 ஏப்ரல் மாதம் ஓஹையோ மாநிலத்தின் கிப்டன் என்ற சிற்றூரில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடர முடியாது. லேக் ஷோர் பாதையில் சென்ற ஒரு பயணி வண்டி, கிப்டனில் ஒதுங்கி விரைவு அஞ்சல் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஓட்டுநரின் கடிகாரம் இடையில் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானாகவே ஓடத் தொடங்கியிருந்தது என்று பின்னர் சொல்லப்பட்டது. கையில் ஏழு நிமிடம் இருப்பதாக அவர் நினைத்தார், இருந்தது மூன்று. வண்டி ஒதுங்கி முடிப்பதற்குள் அஞ்சல் வண்டி வந்து மோதியது. ஓடும் வண்டியில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்த அஞ்சல் ஊழியர்கள் மாண்டார்கள்.

நான்கு நிமிடம் என்பதைத் தூரமாக மாற்றிப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். நான்கு நிமிடத்தில் வண்டி 4.8 கிலோமீட்டர் கடந்துவிடும். முப்பது நொடியில்கூட 600 மீட்டர்.

விபத்துக்குப் பிறகு அந்தப் பாதை நிர்வாகம் கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் என்பவரை அழைத்துக் கடிகாரப் பரிசோதனை முறையை அமைக்கச் சொன்னது. பரிசோதனை என்பது அவர் கண்டுபிடித்தது இல்லை. சில பாதைகளில் முன்பே இருந்தது. அதைப் பல பாதைகளுக்கும் பொதுவான ஒழுங்காக வளர்த்தது அவருடைய பெரும்பணி. பால் கடிகார ஆலை வைத்திருந்தவரும் இல்லை. ஹாமில்டன், வால்தம் போன்ற ஆலைகளில் தன் அளவுகோலுக்கு ஏற்பச் செய்யச் சொல்லி, தன் பெயர் பொறித்து விற்றார். இன்று 'பால் வாட்ச்' என்று ஒன்று கிடைத்தால், உள்ளிருக்கும் பொறியை, அதாவது மூவ்மென்ட்டைச் செய்த ஆலை எது என்பதுதான் சேகரிப்பவரின் முதல் கேள்வி.

1893-ஐச் சேர்ந்ததாக ஒரு விதிப் பட்டியல் எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. மூடியில்லாத திறந்த முகப்பு. 18 அல்லது 16 அளவு. குறைந்தது 17 கற்கள். ஐந்து நிலைகளில் சீரமைப்பு. பாரன்ஹீட்டில் 34 முதல் 100 பாகை வரை, அதாவது நம் கணக்கில் 1 முதல் 38 பாகை வரை, வெப்பத் திருத்தம். வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகக் கூடாது. திருகு 12 மணிக்கு நேரே. வெள்ளை முகப்பில் தடித்த கறுப்பு எண்கள், தடித்த கறுப்பு முட்கள். நெம்பு இழுத்துத்தான் நேரம் மாற்ற வேண்டும். பேலன்ஸ் சக்கரத்தின் அச்சில் இரட்டை ரோலர். ஆற்றலை அடியடியாக விடும் எஸ்கேப் சக்கரம் எஃகில்.

படிக்கையில் ஒரே நாளில் ஒரே மேசையில் எழுதியதுபோல் தோன்றும். உண்மையில் இவை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. இரட்டை ரோலர், ஐந்து நிலை போன்றவை பெருவாரியான பாதைகளில் கட்டாயமானது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான். இது அரசாங்கச் சட்டமும் இல்லை. ஒவ்வொரு பாதையும் தன் பட்டியலைத் தானே வைத்துக்கொண்டது. ஒரு பாதை ஏற்ற கடிகாரத்தை அடுத்த பாதை மறுக்கலாம்.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ தடுமாறிய ஒரு நொடி இருக்கிறது. மூடியுள்ள கடிகாரத்தைத் திறக்க இன்னொரு கை வேண்டும். ஆகவே திறந்த முகப்பு. சாதாரணக் கடிகாரத்தில் திருகை இழுத்தால் முள் நகரும். சட்டைப் பையில் போடும்போது தெரியாமல் இழுபட்டு நேரம் மாறிவிடலாம். நெம்பு வைத்த கடிகாரத்தில் முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றி, முகப்பின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு நாக்கை நகத்தால் வெளியே இழுத்தால்தான் முள் அசையும். தற்செயலாக அது நடக்கவே நடக்காது. திருகு 12-க்கு நேரே இருக்க வேண்டும் என்பதும் கையின் பழக்கத்துக்காகத்தான்: மூடிக் கடிகாரத்துக்குச் செய்த மூவ்மென்ட்டைத் திறந்த கூட்டில் போட்டால் திருகு மூன்று மணிக்கு நேரே வந்துவிடும், இருட்டில் அவசரமாக எடுப்பவருக்குத் தலை எது, பக்கம் எது என்று குழம்பும். சான்டா ஃபே பாதையின் கடிகாரப் பரிசோதகர் ஹென்றி மாண்ட்கோமரி ஒருபடி மேலே போய், ஒவ்வொரு நிமிடத்துக்கும் எண் எழுதிய முகப்பை வகுத்தார். அந்த முகப்புக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இப்போது அந்த 30 நொடிக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் வியப்பானது இதுதான்.

ஒரு வாரத்தில் 6,04,800 நொடிகள். அதில் 30 என்றால் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நாளுக்கு நாலு நொடி சொச்சம். இந்தக் கடிகாரங்களில் இடமும் வலமுமாக ஆடும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 அடி, நாளுக்கு 4,32,000 அடி அடிக்கிறது. அத்தனை அடிகளும் சேர்ந்து நாலு நொடி சொச்சத்துக்கு மேல் பிசகக் கூடாது. அதுவும் கொதிகலன் பக்கத்தில் அனல், ஜன்னல் பக்கத்தில் பனி, காலடியில் ஓயாத குலுக்கல்.

முதல் எதிரி வெப்பம். கடிகாரத்தின் நேரம் இரண்டு பொருள்களின் உறவில் பிறக்கிறது: பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு சோம்பலாகத் திரும்புகிறது, அதைத் திருப்பும் ஹேர்ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கடிகார மேதை ஃபெர்டினாண்ட் பெர்தூ இதை அளந்து வைத்திருக்கிறார். திருத்தம் இல்லாத கடிகாரத்தில் வெப்பம் 60 பாரன்ஹீட் பாகை உயர்ந்தால், நாளுக்கு 393 நொடி மெதுவாகிறது. அதில் சக்கரம் விரிவதால் 62 நொடி, ஸ்பிரிங் நீள்வதால் 19 நொடி. மீதி 312 நொடியும் ஸ்பிரிங்கின் விறைப்பு தளர்வதால். சூட்டில் உலோகம் விரியும் என்பது பள்ளிப்பாடம். சூட்டில் உலோகம் இளகி மெத்தெனவும் ஆகும் என்பதுதான் கடிகாரக்காரரை வாட்டியது. பெர்தூவின் கணக்கை ஒரு செல்சியஸ் பாகைக்கு வகுத்தால் நாளுக்குப் பன்னிரண்டு நொடி வருகிறது. ரயில்வே அனுமதித்த அளவுக்கு இது மூன்று மடங்கு. ஒரே ஒரு பாகைக்கு!

மருந்து அழகானது. பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பை இரண்டு உலோகங்களால் செய்தார்கள்: உள்ளே எஃகு, வெளியே பித்தளை, இரண்டும் ஒட்டிப் பிணைந்தவை. விளிம்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார்கள். சூடேறும்போது பித்தளை அதிகம் நீளும். வெட்டிய முனைகள் உள்நோக்கி வளையும். பாரம் மையத்துக்கு அருகே வருவதால் சக்கரம் சுறுசுறுப்பாகத் திரும்பும். ஸ்பிரிங் தளர்ந்த குறையைச் சக்கரம் ஈடுகட்டும். விளிம்பைச் சுற்றிக் குட்டித் திருகாணிகள் இருப்பதைப் பழைய கடிகாரங்களில் பார்க்கலாம். அலங்காரத்துக்காக வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மாற்றி மாற்றித்தான் அந்த ஈட்டைச் சரிசெய்தார்கள். முனைக்கு அருகே வைத்தால் திருத்தம் கூடும். ஆரத்துக்கு அருகே வைத்தால் குறையும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடிகாரத்தைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, பனிப்பெட்டியில் வைத்து, மீண்டும் அளக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி புவியீர்ப்பு. கடிகாரம் மேசைமேல் மல்லாந்து கிடக்கும்போது பேலன்ஸ் அச்சின் உருண்டை முனை ஒரு கல்லின் மேல் ஊன்றி நின்று பம்பரம்போல் ஆடும். உராய்வு மிகக் குறைவு. சட்டைப் பையில் நிமிர்ந்து தொங்கும்போது அதே அச்சு பக்கவாட்டில் துளையின் சுவரில் சாய்ந்து உரசும். ஆட்டத்தின் வீச்சு குறையும். வீச்சு குறையும்போது நேரமும் கொஞ்சம் மாறும். போதாக்குறைக்குச் சக்கரத்தின் ஒரு பக்கம் மயிரளவு கனமாக இருந்துவிட்டால், நிமிர்ந்த நிலைகளில் அந்தக் கனம் ஊஞ்சலில் உட்கார்ந்த பிள்ளைபோல் ஆட்டத்தை இழுக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டத்தின் வீச்சு 220 பாகையை ஒட்டி இருக்கும்போது இந்தக் கனப் பிசகு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அதற்கு மேலே போனால் ஒரு திசையில் பிழை, கீழே வந்தால் எதிர்த் திசையில் பிழை. முழுதாக முறுக்கிய காலை ஒரு வேகம், கடிகாரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் தளர்ந்த இரவு ஒரு வேகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்து நிலைகள் என்பவை இவை: முகப்பு மேலே, முகப்பு கீழே, திருகு மேலே, திருகு இடப்பக்கம், திருகு வலப்பக்கம். திருகு கீழே தொங்குவது ஆறாவது. சட்டைப் பையில் யாரும் கடிகாரத்தைத் தலைகீழாக வைப்பதில்லை என்பதால் நெடுநாள் அதை விட்டிருந்தார்கள். ஒரு நிலைக்கு ஒரு நாள் வைத்து நிலைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் ஐந்து நிலைக்கு ஐந்து நாள். ஏதாவது ஒன்றில் பிசகினால் திருத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. டிக் டிக் ஒலியைக் கேட்டு உடனே விகிதத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் கருவி 1930-களில்தான் வந்தது. அதுவரை காத்திருப்பதுதான் அளவை. ஒப்பிடும் நிலைக்கடிகாரமே சரிதானா என்ற ஐயம் எழாமலிருக்க, எல்ஜின் நிறுவனம் 1910-ஐ ஒட்டிச் சொந்தமாக ஒரு வானாய்வகம் கட்டி, விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடப்பதைப் பார்த்து நேரம் எடுத்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு கற்களைப் பற்றிப் பேசலாம். விளம்பரங்களில் கற்கள்தான் முதலில் வந்தன. நம் வீடுகளிலும் ஹெச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தின் முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, உள்ளே வைரமே இருப்பதாக நம்பிய பிள்ளைகள் உண்டு. கல் இருப்பது விலைக்காக இல்லை, வழவழப்புக்காக. எஃகு அச்சு பித்தளைத் துளையில் சுழன்றால் துளை தேயும், எண்ணெய் கருகும். மாணிக்கத்திலோ நீலத்திலோ துளையிட்டு அதில் சுழலவிட்டால் தேய்மானம் மிகக் குறைவு.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பேலன்ஸ் அச்சுக்கு மேலும் கீழும் துளைக்கல் இரண்டு, ஊன்றுகல் இரண்டு, உந்துகல் ஒன்று, எஸ்கேப் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் கொக்கியின் இரு நுனிகளில் இரண்டு. ஆக ஏழு. கொக்கியின் அச்சு, எஸ்கேப் சக்கரம், நாலாவது சக்கரம், மூன்றாவது சக்கரம் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு சேர்த்தால் 15. நடுச்சக்கரத்துக்கும் கல் வைத்தால் 17. இதுவரை ஒவ்வொரு கல்லும் தன் கூலிக்கு வேலை செய்கிறது. 21 என்பது பெரும்பாலும் கொக்கிக்கும் எஸ்கேப் சக்கரத்துக்கும் ஊன்றுகல் நான்கைக் கூட்டியது. பயன் உண்டு, ஆனால் சிறிது. 23 என்பது மெயின்ஸ்பிரிங் உருளைக்கும் இரண்டு கல். மெல்ல நகரும் அந்த உருளையில் கல்லால் நேரம் திருந்துவது அரிது. 17-க்கு மேல் உயர்ந்த எண்கள் பெரும்பாலும் ஆலைகளுக்கு இடையே நடந்த விற்பனைப் போட்டியின் தடங்கள் என்பதே என் கருத்து. வால்தமின் 'வேன்கார்ட்' 17 கல்லில் தொடங்கி 19, 21, 23 என்று ஏறியது இந்தப் போட்டிக்கு நல்ல சான்று.

கல்லின் எண்ணிக்கையைக் கண்ணால் எண்ணிவிடலாம். சீரமைப்பை எண்ண முடியாது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் நகரில் 1892-இல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனத்தின் இரண்டு மூவ்மென்ட்களைப் பக்கத்தில் வையுங்கள்: 974, 972. இரண்டும் 16 அளவு. இரண்டுக்கும் 17 கல். பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 974 மூன்று நிலைகளில் சீரமைத்தது; 972 ஐந்து நிலைகளில். ரயில்வே பரிசோதகர் 972-ஐ ஏற்பார். அந்த இரு கடிகாரங்களுக்கும் இடையே கிடப்பது, மெருகில் சிறு வேறுபாடு தவிர, ஒரு மனிதர் பட்டறை மேசையில் செலவிட்ட சில நாள்கள். பணம் கொடுத்து வாங்கியது உண்மையில் அந்த நாள்களைத்தான். கல்லை எண்ணித் தரம் பிரிப்பவர் அந்த மனிதரைக் கணக்கில் விட்டுவிடுகிறார்.

அந்த உழைப்பைத் தகட்டில் எழுதிய விதமும் காலத்துக்குக் காலம் மாறியதுதான் ஒப்பிடுபவரை அதிகம் ஏமாற்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிகாரங்களில் 'அட்ஜஸ்டட்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும். எதற்குச் சீரமைத்தது? வெப்பத்துக்கு மட்டுமா, நிலைகளுக்குமா, எத்தனை நிலைக்கு? சொல் சொல்லாது. 'ஐந்து நிலை' என்று எண்ணோடு பொறிக்கும் வழக்கம் பரிசோதகர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, ஏறத்தாழ 1908-ஐ ஒட்டிப் பரவியது. அதனால் 1895-இன் உயர்ந்த கடிகாரம் ஒன்றில் அந்த எண் இல்லாதிருப்பது குறையில்லை. அன்று யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். இன்னொரு குழப்பம்: நிலைகளைத் தனியாக எண்ணுவது ஒரு முறை. வெப்பம், குளிர், வீச்சு மாறினாலும் நேரம் மாறாமை ஆகிய மூன்றையும் நிலைகளோடு கூட்டி மொத்தமாக எண்ணுவது இன்னொரு முறை. ஐந்து நிலைக் கடிகாரம் இரண்டாம் கணக்கில் எட்டுச் சீரமைப்புக் கடிகாரமாகிவிடும். எட்டு என்ற எண்ணைப் பார்த்து ஐந்தைவிட உயர்ந்தது என்று வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பெயரும் ஏமாற்றும். ஓஹையோவின் கான்டன் நகரில் இருந்த ஹாம்ப்டன் நிறுவனம் 'நியூ ரயில்வே', 'ஸ்பெஷல் ரயில்வே' என்றே பெயர் வைத்தது. அவை நல்ல கடிகாரங்கள்தான். ஆனால் பெயரில் ரயில்வே இருப்பது ஒரு பாதையின் ஒப்புதலுக்குச் சான்றாகாது. (இந்த ஹாம்ப்டனின் இயந்திரங்களைத்தான் 1930-இல் சோவியத் அரசின் வணிக நிறுவனம் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. முதல் மாஸ்கோ கடிகார ஆலை அந்த இயந்திரங்களோடு, கான்டனிலிருந்து சென்ற தொழிலாளர்களின் துணையோடு பிறந்தது. அந்தக் கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) கூட்டின் முதுகில் புகைவண்டி செதுக்கி, முகப்பில் ரயில்வே என்று எழுதி, உள்ளே மட்டமான பொறியை வைத்து ஐரோப்பாவிலிருந்து வந்த போலிகளும் ஏராளம். புகைவண்டிப் படம் எவ்வளவு பெரிதோ, ஐயம் அவ்வளவு பெரிதாக இருக்கட்டும் என்பது சேகரிப்பவர்களுக்கு அனுபவம் கற்றுத்தந்த பாடம்.

அளவைப் பற்றி ஒரு சொல். 18, 16 என்பவை பழைய லங்காஷயர் அளவுகோல். ஒரு படிக்கு ஓர் அங்குலத்தின் முப்பதில் ஒரு பங்கு. 18 அளவு 44.86 மில்லிமீட்டர், 16 அளவு 43.18. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லை. ஆனால் 18 அளவுக் கடிகாரங்களில் பெரும்பாலானவை முழுத் தகட்டின் மேல் பேலன்ஸ் சக்கரம் ஏறி உட்கார்ந்த தடித்த உருவங்கள். 16 அளவில் சக்கரம் தகட்டின் மட்டத்துக்கு இறங்கிவிட்டது, கடிகாரம் மெலிந்தது. புதிதாக வாங்குவோர் 16-க்கு மாற, பாதைகளின் பட்டியலும் மாறியது. 18 அளவு ஹாமில்டன் 940, 21 கல்லோடு, தன் காலத்தில் ரயில்வேக்காரர்களின் செல்லமாக இருந்தது. அதன் நேரம் கெடவில்லை. பட்டியல் அதைக் கடந்து போயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வெளியிலிருந்து தெரியாத ஒன்று. ஷார்ல் எதுவார் கியோம் என்ற சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் நிக்கலும் இரும்பும் கலந்த உலோகங்களை ஆராய்ந்தவர். 1896-இல் 'இன்வார்' கண்டுபிடித்தார். சூட்டில் அது விரிவதே அரிது. பின்னர் 'எலின்வார்', சூட்டிலும் குளிரிலும் விறைப்பு மாறாத கலவை. 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். பெர்தூ அளந்த 393 நொடியில் 312 ஸ்பிரிங்கின் தளர்ச்சி என்று பார்த்தோம். ஸ்பிரிங் தளரவே தளராது என்றால்? இருபதாண்டு, முப்பதாண்டு பழகிய கைகள் திருகாணி மாற்றி மாற்றிச் செய்த ஈட்டை உலோகமே செய்துவிடும். வெட்டிய இரட்டை உலோகச் சக்கரம் தேவையில்லை. வெட்டில்லாத ஒற்றை உலோக வளையம் போதும். ஹாமில்டன் 1930-களின் தொடக்கத்தில் எலின்வார் ஹேர்ஸ்பிரிங் வைத்த 992-ஐ விற்றது. 1940-இல் மேம்பட்ட எலின்வாரோடு 992பி வந்தது: 21 கல், ஆறு நிலை.

பழைய 992-உம் புதிய 992பி-உம் இரண்டுமே 21 கல், 16 அளவு, ஒரே ஆலை. 992 ஐந்து நிலை, 992பி ஆறு நிலை. எண்ணில் ஒரு படிதான் ஏற்றம். உள்ளே நடந்தது ஒரு தலைமுறை மாற்றம். 992-இன் வெப்பத் திருத்தம் ஒரு மனிதரின் கைத்திறன். 992பி-இன் வெப்பத் திருத்தம் உலோகவியலாளரின் உலையில் முடிந்துவிட்டது. நேரம் காப்பதில் 992பி-தான் மேல், சந்தேகமே இல்லை. கைவேலையின் உச்சம் எங்கே என்று கேட்டால் நான் பழைய 992-ஐயே எடுப்பேன். இரண்டு கேள்விகளையும் ஒரே சொல்லில், ஒரே தரத்தில் அடக்கப் பார்ப்பதுதான் சிக்கல்.

992பி 1969 வரை உற்பத்தியில் இருந்தது. அதற்குள் புலோவா நிறுவனத்தின் 'அக்யூட்ரான்' கைக்கடிகாரம் வந்துவிட்டது. 1960-இல் வெளியான அதில் பேலன்ஸ் சக்கரமே இல்லை. மின்கலத்தால் நொடிக்கு 360 தடவை அதிரும் இசைக்கவை. மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்று உறுதி கொடுத்தார்கள்; ரயில்வேக்காரர்களும் அதைக் கட்டத் தொடங்கினார்கள். எத்தனை கல், எத்தனை நிலை என்ற பழைய கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

ஒரு விதியை மட்டும் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். பட்டியல்கள் இறுகிக்கொண்டே போன அந்த ஆண்டுகளில், புதிய தரம் பெரும்பாலும் புதிதாகப் பணிக்கு வரும் கடிகாரங்களுக்கே பொருந்தியது. ஏற்கெனவே ஊழியர் ஒருவரின் பையில் இருந்த பழைய கடிகாரம், நேரம் தவறாமல் ஓடும்வரை, தொடர அனுமதி உண்டு. ஓட்டுநர் ஒவ்வொருவரும் ஓர் அட்டை வைத்திருப்பார். குறித்த இடைவெளியில் பரிசோதகரின் கடைக்குப் போய்க் கடிகாரத்தை நீட்ட வேண்டும். அவர் தன் நிலைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, தேதி போட்டு, இத்தனை நொடி வேகம் அல்லது இத்தனை நொடி மெதுவு என்று அட்டையில் எழுதிக் கையெழுத்திடுவார். 15 கல்லும், 'அட்ஜஸ்டட்' என்ற ஒற்றைச் சொல்லும் மட்டும் உள்ள பழைய வால்தம் ஒன்று, அதே வரிசையில் நின்ற இளைஞரின் 21 கல், ஐந்து நிலைக் கடிகாரத்துக்கு முன்னால் மேசைக்கு வரும். பரிசோதகர் பின்மூடியைத் திறக்க மாட்டார். முகப்பை மட்டும் பார்ப்பார், எழுதுவார், திருப்பிக் கொடுப்பார்.